பதினோராவது கோரிக்கை

சட்டமன்ற உறுப்பினரிடம் கழிப்பறை கேட்டால் என்ன கிடைக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், புத்தகம் கிடைக்கும் என்று சொல்வேன். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரு டெம்போ நிறைய.

என் பெயர் ஜெபசீலி. சூளகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி மல்லிகொட்டாய் என்று ஓர் ஊர். அங்கே கிளை நூலகத்தில் நூலகர். தக்காளியும் கோஸும் விளைந்த கொல்லைகளில் இப்போது கம்பெனி ஷெட்டுகள் நிற்கின்றன. கம்பெனிகளுக்குப் பின்னால் ஹாஸ்டல்கள் வந்தன. ஹாஸ்டல்களிலிருந்து பெண்பிள்ளைகள் என் நூலகத்துக்கு வந்தார்கள். அறைக்கு எட்டுப் பேர் என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து தூங்கும்போது இன்னொருத்தி விளக்குப் போட்டால் சண்டை. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத நினைக்கிற பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? இங்கேதான்.

மேசை இருந்தது, ஃபேன் இருந்தது, தினசரிகள் இருந்தன. கழிப்பறை மட்டும் இல்லை. படிக்க வருகிறவர்களுக்குத் தலை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக் கட்டியிருப்பார்கள் போல. ஆண்கள் பின்னாலிருக்கும் புளியமரத்தை நம்பிப் பிழைத்தார்கள். பெண்கள் நெடுஞ்சாலையைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "வண்டி எங்கே?" பெட்ரோல் போட்டவர்களுக்குத்தான் கழிப்பறையாம். நான் ஸ்கூட்டி வாங்கியதே பாதி அதற்காகத்தான்.

மோகனப்ரியாவிடம் ஸ்கூட்டி இல்லை. பரமக்குடிப் பக்கத்துப் பெண். போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. குரூப் ஃபோர் எழுதி, எந்த ஊரிலாவது ஓர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஷிஃப்ட் முடிந்து நேரே வருவாள், நூலகம் சாத்துகிற வரை எழுந்திருக்க மாட்டாள். மே மாத வெயிலில்கூட அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா எந்திரிக்கணும்க்கா. எந்திரிச்சா ஹாஸ்டலுக்குத்தான் போகணும். ஒருக்கா உள்ள போயிட்டா வார்டன் திரும்ப வெளிய விடாது. அன்னைக்குப் படிப்பு அம்புட்டுத்தேன்."

பிறகு ஒரு வாரம் அவளைக் காணவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சிறுநீர்ப் பாதையில் கிருமி, இப்படியே விட்டால் சிறுநீரகத்துக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரைச் சீட்டைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனது ஆகட்டும், மேலே போய்க் கேட்டே விடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மேலே என்றால் எங்களுக்குப் பெருமாள் இல்லாமல் முடியாது. பெருமாள் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் ஊர்ப்புற நூலகர், எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. சட்டசபையில் மானியக் கோரிக்கை வரப்போகிறது, எம்.எல்.ஏ.வைப் பார்த்து நூலகங்களுக்காகப் பேசச் சொல்லலாம் என்று சங்கத்தில் தீர்மானம் ஆனதும், அவர் பன்னிரண்டு கோரிக்கைகளோடு ஒரு மனுவைக் கொண்டுவந்து காட்டினார். புதிய நூல்கள் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கழிப்பறை பதினோராவது.

"இது ஏனுங்க இவ்ளோ கீழ போயிடுச்சு?" என்றேன்.

"மொதல்லயே கக்கூஸ்னு ஆரம்பிச்சா நல்லாருக்குமாங்க மேடம்? மனுவுக்குன்னு ஒரு மொறை இருக்குதுங்க. மொதல்ல அவங்க மறுக்கவே முடியாத ஒண்ணக் கேக்கணும். புத்தகம் வேணாம்னு எந்தத் தலைவராச்சும் சொல்வாங்களா? சரின்னு தலையாட்டுவாங்க. அந்த ஆட்டம் நிக்கறதுக்குள்ள மிச்சத்தச் சொல்லிப்புடணும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாங்கள் நூலகர்கள். துடைப்பம் கேட்கப் போனாலும் புத்தகத்தை முன்னால் நிறுத்தித்தான் எங்களுக்குக் கேட்கத் தெரியும்.

எங்கள் எம்.எல்.ஏ. நல்லுசாமி, ஜெயித்த அன்றே ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்: என்னைப் பார்க்க வருகிறவர்கள் பொன்னாடை போர்த்த வேண்டாம், புத்தகம் கொடுங்கள். பத்திரிகைகள் பாராட்டின, நாங்களும் பாராட்டினோம். கிருஷ்ணகிரியில் அவர் அலுவலகத்துக்குள் போன பிறகுதான் அந்தப் பாராட்டின் பலன் கண்ணில் பட்டது. ஹாலில் புத்தகம், மாடிப்படியில் புத்தகம், சோபாவில் புத்தகம். வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பொன்னாடை என்றால் மடித்து எவருக்காவது போர்த்தி அனுப்பிவிடலாம், புத்தகத்தை என்ன செய்வது? நாங்களும் ஊர் வழக்கத்தை மீறாமல் ஜிகினாத் தாளில் சுற்றிய ஒரு புத்தகத்தோடுதான் போயிருந்தோம்.

நல்லுசாமி மனுவைக் கையில் வாங்கி முதல் கோரிக்கையைப் படித்தார். நாய் போட்ட குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்று அலைகிறவரிடம், நீங்களாகவே போய் "ஒரு குட்டி கிடைக்குமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர் முகம் அப்படி மலர்ந்தது.

"புத்தகந்தான வேணும்? எவ்ளோ வேணும்?" என்றவர், உதவியாளரைக் கூப்பிட்டார். "மெல்வின், டெம்போ சொல்லுப்பா."

"ஐயா, அந்தப் பதினொண்ணாவது..." என்று பெருமாள் இழுத்தார்.

"எல்லாத்தையும் பண்ணிடலாம் பெருமாளு. மொதல் கோரிக்கைய ஒடனே நிறைவேத்தறன். போட்டோ எடுத்துக்கலாம் வாங்க."

டெம்போ வந்த அன்று வாசலில் பந்தல், பேனர், மைக். இறங்கிய புத்தகங்களைப் பார்த்தேன். வெற்றி பெறுவது எப்படி என்று சொல்பவை பாதி. வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று சொல்பவை மீதி. ஒரே புத்தகம் ஒரு கட்டு நிறைய இருந்தது. ஒரே கடையில் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்ததும் ஜிகினாத் தாள் பிரிக்காமல் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. குரூப் ஃபோருக்கு உதவுவதாக ஒன்றுகூட இல்லை.

கட்டுகளை வைக்க இடமில்லாமல் பெண்கள் உட்காரும் மேசையைத்தான் வெளியே தூக்க வேண்டியிருந்தது. புத்தகங்களைத் தூக்கிப் போடவும் முடியாது; நூலகத்துக்குள் வந்த புத்தகம் தொலைந்தால் நூலகர் கழுத்துக்குத்தான் கத்தி. மோகனப்ரியா சுவரோரம் தரையில் உட்கார்ந்து படித்தாள். அந்த மாதமே நல்லுசாமி சட்டசபையில், என் தொகுதி நூலகங்களின் அறிவுப் பசியைப் போக்கிவிட்டேன் என்று பேசினார். பெருமாள் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார், கூப்பிய கைகளோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

இரண்டாம் தடவை மனுவே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருமாள் கைக்கு வேலை இல்லாமல் தவித்தார். கிருஷ்ணகிரிக்கு என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, இன்னொரு டெம்போவா?" என்று நல்லுசாமி ஆசையாகக் கேட்டார்.

"இல்லீங்க சார். கக்கூஸ் வேணும்."

பெருமாள் தரையைப் பார்த்தார். மெல்வின் குனிந்து நல்லுசாமி காதில் சொன்னது எனக்கும் கேட்டது: நூலகம் கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார் என்று பேனரில் போடலாம், இதை எப்படிப் போடுவது, எதிராளிகள் மீம் போட்டே கொன்றுவிடுவார்கள். நல்லுசாமி அவரைக் கையால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். மோகனப்ரியாவுக்கு வந்த நோயைச் சொன்னபோது நிஜமாகவே உச்சுக் கொட்டினார்.

"ஏம்மா, இத அன்னைக்கே சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னோம் சார். பதினொண்ணாவதா."

அவர் சிரித்துவிட்டார். தொகுதி நிதியில் கட்டித் தருகிறேன் என்று அங்கேயே சொன்னார். மெல்வினின் மானத்துக்காக அதற்கு 'வாசகர் நலக் கூடம்' என்று பெயர் வைத்தார்கள். சொன்னபடி சில மாதங்களில் கட்டியும் முடித்தார்கள். வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, கை கழுவ பேசின், காற்றை வெளியே தள்ளும் ஃபேன். வாசலில் நம்ம ஊர் கருங்கல்லைப் பாலிஷ் போட்டு, நல்லுசாமியின் பெயரைத் தங்க நிறத்தில் எழுதியிருந்தார்கள். என் வீட்டில்கூட இப்படி ஒன்று இல்லை. கட்டட வேலை நடந்த நாட்களில் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியபோது அதிகமாகக் கை தட்டியது மோகனப்ரியா. கம்பெனி யூனிஃபார்மோடு நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் தட்டினாள். போட்டோ, கேசரி, காராபூந்தி எல்லாம் முடிந்தது. கார்கள் கிளம்புவதற்கு முன்னால் மெல்வின் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி?" என்றேன்.

"எங்கிட்ட இருக்கட்டும் மேடம். ஐயா பெங்களூருக்குப் போக வர இதான் வழி. நடுவுல நம்பி எறங்க ஒரு எடம் இல்ல. எல்லாரும் பொழங்குனா ரெண்டே நாள்ல நாறிடும். கொஞ்ச நாளைக்குப் புதுசாவே இருக்கட்டுமே."

"பிள்ளைங்களுக்குன்னு கட்டுனதுங்க."

"பிள்ளைங்களுக்குத்தான். யாரு இல்லன்னா?" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார்.

மோகனப்ரியா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நமக்கில்லையாக்கா?" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. பஸ் நிற்காமல் போய்விட்டதா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. உள்ளே போய் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். படித்து வாங்கிய பட்டம், இத்தனை வருட சர்வீஸ், ஒரு கதவைத் திறந்துவிட எனக்கு வக்கில்லை என்று என்மேலேயே அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

ஐப்பசியில் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். இந்தத் தடவை சூளகிரி ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பார்க்கப் போன என்னிடம், "பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தேன் இருக்கு, நான் ஹாஸ்டல்லயே படிச்சுக்கிறேன்க்கா" என்றாள். அவளால் அங்கே படிக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு நல்ல பூட்டு வாங்கினேன். வெல்டிங் பட்டறை ஆள் வந்து பழைய பூட்டை வெட்டிக் கொடுத்தார். பூட்டு மாற்றியதோடு விட்டிருந்தால் நானும் மற்ற மனுஷர்களைப் போல் இருந்திருப்பேன். ஆனால் நூலகத்துக்குள் ஒரு பொருள் வந்தால் அதை இருப்பில் ஏற்றாமல் எங்களுக்குத் தூக்கம் வராது. சாவியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். சேர்க்கை எண் கொடுத்தேன். அந்த எண்ணை ஒரு மரக்கட்டையில் எழுதி, நூலக முத்திரை குத்தி, சாவியோடு சேர்த்துக் கட்டினேன். உறுப்பினர்களுக்கு மட்டும் இரவல். திருப்பிக் கொடுத்த பிறகே அடுத்தவருக்கு என்று எழுதி ஒட்டினேன்.

சங்க வேலையாக வந்த பெருமாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து அதிர்ந்து போனார். வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்கிறேனே என்று பயந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாங்க மேடம், வகைப்பாட்டு எண் போடவே இல்லீங்களே?" என்றார்.

பிறகு அவரே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கட்டையின் மறுபக்கத்தில், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வரிசையில் பொதுச் சுகாதாரத்துக்கான எண்ணை மணிமணியாக எழுதினார். அந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

சாவி தினசரிகளைவிட அதிகமாக இரவல் போயிற்று. பிள்ளைகளே முறை போட்டுக் கழுவிவிட்டார்கள். மோகனப்ரியா திரும்பி வந்தாள். விஷயம் எட்டி மெல்வின் போன் செய்தார். "பூட்ட மாத்திட்டீங்களாமே, யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"இருப்புல ஏறிடுச்சுங்க. இப்ப அது அரசாங்கச் சொத்து. வேணும்னா நீங்க எடுத்துக்குங்க, ஆடிட்ல கேட்டா உங்க பேரச் சொல்லிக்கறன்."

ஆடிட் என்ற சொல்லுக்கு எங்கள் மாநிலத்தில் நல்ல மரியாதை உண்டு. அவர் போனை வைத்துவிட்டார்.

பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை. மேம்பால வேலை நடந்ததில் நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே பிள்ளைகள் காதில் விரலை வைத்துக்கொண்டு படித்தார்கள். பெருமாளும் அன்று இருந்தார். அப்போது மெல்வின் வேகமாக உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், அதைவிட வேகமாக, நல்லுசாமி. நெற்றியெல்லாம் வியர்வை. வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"சாவி குடுங்க மேடம், சீக்கிரம்" என்றார் மெல்வின்.

"சாவி இரவல் போயிருக்குதுங்க. வாசகர் ஒருத்தர் எடுத்திருக்காங்க."

"வரச் சொல்லுங்க அவங்கள!"

"எப்படிங்க வரச் சொல்றது?"

மெல்வின் சாத்தியிருந்த கதவை எட்டிப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். "அடுத்து ரெண்டு பேர் சொல்லி வெச்சிருக்காங்க. அதுக்கப்பறம் சாருக்குத் தரலாம். ஆனா உறுப்பினருக்கு மட்டுந்தாங்க."

"ஐயா சட்டமன்ற உறுப்பினருங்க!"

"இந்த நூலகத்துக்கு இல்லீங்களே."

மெல்வின் கத்த வாயெடுத்தார். நல்லுசாமி அவர் தோளை அழுத்தி நிறுத்தினார். கத்துவதற்கு அவகாசம் இல்லை என்பது அவருக்குத்தானே தெரியும். "எங்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்றார். பெருமாள் விண்ணப்பத்தைப் பவ்யமாக நீட்டினார். தொகுதி முழுக்கப் புத்தகம் வழங்கியவர் அன்றைக்குத்தான் ஒரு நூலகத்தில் சேர்ந்தார்.

மோகனப்ரியா வந்தாள். எம்.எல்.ஏ.வைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு விதிப்படி சாவியை என்னிடம் கொடுத்தாள், நான் அடுத்திருந்த பெண்ணிடம் கொடுத்தேன். அந்தப் பெண் ஜார்க்கண்டுக்காரி, எம்.எல்.ஏ. யார் என்றே அவளுக்குத் தெரியாது. சாவியை வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்துபோனாள். நல்லுசாமி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம், அலமாரிகளுக்கு நடுவில், வாசல்படியில் எல்லாம் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தன பேருக்கு இது ஒண்ணுதானா?"

நூலகத்தைப் பற்றி அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அது. பெருமாள் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்த ஊருக்கு இது ஒண்ணு இருக்குதுங்க சார். மத்த ஊருங்களுக்கு அதுவும் இல்ல" என்று ஆரம்பித்தேன். எந்தெந்த ஊரில் கூரை ஒழுகுகிறது, எங்கெங்கே நூலகரே இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது, பரீட்சைப் புத்தகம் கேட்டுப் பிள்ளைகள் எத்தனை தடவை வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள் என்று ஒவ்வொரு ஊராகச் சொன்னேன். அவர் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து போக வழியில்லை. முறை வர இன்னும் ஒரு பெண் பாக்கி இருந்தாள். நான் அவசரப்படாமல் அடுத்த ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.